குக்கீப் பெட்டிக்குப் பயப்படுவதற்கு முன், கடையில் திறந்து கிடக்கும் கணக்கை மூடுங்கள்

ஒரு வெப்சைட்டைத் திறந்ததுமே கீழே ஒரு பெட்டி வந்து குக்கீகளை ஏற்கிறீர்களா என்று கேட்கும். அதை அழுத்தினால் போனில் இருக்கிற படங்கள் போய்விடுமா, பேங்கில் இருக்கிற காசு போய்விடுமா என்று இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் புதிதாக இன்டர்நெட்டுக்கு வருகிற நிறையப் பேர் கேட்கிறார்கள். போகாது. அந்தப் பெட்டியில் எதை அழுத்தினாலும் அன்றைக்கே பெரிய ஆபத்து ஒன்றும் வந்துவிடாது. நம் பக்கத்தில் கணக்குகள் பறிபோவது வேறு வழிகளில். கொமியூனிகேஷன் கடைக் கம்பியூட்டரில் ஜிமெயிலைத் திறந்துவிட்டு அப்படியே எழுந்து வந்துவிடுகிறோம், கணக்கையே கடைத் தம்பி தன் நம்பரைப் போட்டுத் திறந்து தருகிறார், ஒரே போனை வீட்டில் நாலு பேர் பாவிக்கிறோம், அடையாள அட்டையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறோம். டவுனில் கம்பியூட்டர் சொல்லிக்கொடுக்கிற வேலையில் நான் அன்றாடம் பார்ப்பது இவைதான். அதனால் இவற்றுக்கு நிறைய இடம் கொடுத்து, குக்கீப் பெட்டிக்குக் கொஞ்ச இடம் மட்டும் கொடுத்து எழுதுகிறேன். ஆனால் குக்கீ என்ன செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், அது புரிந்தால்தான் லொக்அவுட், அதாவது கணக்கை மூடி வெளியேறுவது, ஏன் அவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

குக்கீ செய்கிற வேலை

வெப்சைட்டுக்கு இயல்பிலே ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் அனுப்பும், அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது கொஞ்ச நேரத்துக்கு முன் வந்தவரும் இதே ஆள்தான் என்பது அதற்குத் தெரியாது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மொன்டுலி என்ற பொறியியலாளர் இதற்கு ஒரு வழி செய்தார். வெப்சைட் உங்கள் பிரவுசரிடம் (குரோம் மாதிரி, வெப்சைட்டைத் திறந்து காட்டுகிற அப்ளிகேஷன்) ஒரு சின்னத் துண்டு எழுத்தைக் கொடுத்து வைக்கும், அடுத்த முறை நீங்கள் போகும்போது பிரவுசர் அதைத் தானாகவே எடுத்துக் காட்டும். கவர்மென்ட் ஆஸ்பத்திரி கிளினிக்கில் இலக்கம் போட்ட அட்டை தருகிறார்கள் இல்லையா, அடுத்த மாதம் வேறு டொக்டர் இருந்தாலும் அட்டையைக் காட்டினால் உங்கள் பைலை எடுத்துவிடுவார்கள், அதுபோலத்தான். அட்டையில் இலக்கம்தான் இருக்கும், உங்கள் வருத்தத்தின் கதை முழுக்க அவர்களுடைய பைலில் இருக்கும்.

ஒரு குக்கீயைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது கொஞ்சம்தான். அதற்கொரு பெயர், அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரிசை ஒன்று, எந்த வெப்சைட்டுக்கு உரியது, எந்தத் திகதிவரை செல்லும், இன்னும் ஒன்றிரண்டு குறிப்புகள். சில குக்கீகள் பிரவுசரை மூடியதும் அழிந்துவிடும், சில மாதக்கணக்கில் கிடக்கும். குரோம் 2022இலிருந்து ஒரு குக்கீயை 400 நாளுக்கு மேல் வைத்திருக்க விடுவதில்லை. 400 நாள் என்பதே ஒரு வருடத்துக்கு மேல் என்பதைக் கவனியுங்கள்.

இதில் நீங்கள் மனதில் வைக்க வேண்டியது லொகின் குக்கீ. பாஸ்வேர்டை ஒரு தடவை சரியாக அடித்ததும் வெப்சைட் ஒரு குக்கீயைத் தருகிறது, அதற்குப் பிறகு அது பாஸ்வேர்டைக் கேட்பதில்லை, குக்கீயை மட்டும்தான் பார்க்கிறது. அந்தக் குக்கீ யார் கையில் இருக்கிறதோ அவர்தான் நீங்கள். 2010 ஒக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்று ஃபயர்பொக்ஸ் பிரவுசருக்கு ஒரு சின்ன இணைப்பை வெளியிட்டார். ஒரே பொது வைஃபையில் இருக்கிற மற்றவர்களின் பேஸ்புக் கணக்குக்குள், அவர்களுடைய பாஸ்வேர்ட் எதுவும் தெரியாமலே, குக்கீயை மட்டும் பிடித்து அதால் நுழைந்துவிட முடிந்தது. இந்த ஓட்டை இருக்கிறது, இதை அடைத்துவிடுங்கள் என்று கம்பனிகளுக்குக் காட்டத்தான் அவர் அதைச் செய்தார், அடுத்த சில வருடங்களில் பெரிய வெப்சைட்டுகள் எல்லாம் எச்டிடிபிஎஸ் என்ற மறைகுறியாக்கப்பட்ட வழிக்கு முழுமையாக மாறின. அதனால் இன்றைக்கு ஹோட்டல் வைஃபையைப் பாவிப்பது அந்தக் காலத்து அளவுக்கு ஆபத்தானதில்லை. என்னைக் கேட்டால், நம் ஊரில் பொது வைஃபையை விடக் கடைக் கம்பியூட்டருக்குத்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். வைஃபையில் போகிற குக்கீ பூட்டப்பட்டுப் போகிறது, கடைக் கம்பியூட்டரிலோ அதை நீங்களே வைத்துவிட்டு வருகிறீர்கள்.

கடைக் கம்பியூட்டரில் உட்காருவதற்கு முன்னும் பின்னும்

வேலைக்கு அப்ளிகேஷன் போட, கெம்பஸ் விண்ணப்பம் நிரப்ப, சீவி அனுப்ப, பெறுபேறு பார்க்க, எல்லாவற்றுக்கும் நாம் போவது கொமியூனிகேஷனுக்குத்தான். போகாமல் இருக்க முடியாது, போகலாம், ஒழுங்காகப் போக வேண்டும்.

உட்கார்ந்ததும் குரோமைத் திறந்து வலது பக்கம் மேலே வட்டமாக இருக்கிற படத்தை அழுத்துங்கள். அங்கே 'கெஸ்ட்' என்று ஒன்று இருக்கும், அதைத் தெரிவு செய்தால் புதிய ஜன்னல் ஒன்று திறக்கும். அதற்குள் நீங்கள் செய்கிற வேலையின் குக்கீயும் வரலாறும் ஜன்னலை மூடியதும் அழிந்துவிடும். அதைக் காணவில்லை என்றால் மூன்று புள்ளியை அழுத்தி 'இன்கொக்னிட்டோ' ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள், அதுவும் இதற்குப் போதும், ஆனால் திறந்த எல்லா இன்கொக்னிட்டோ ஜன்னல்களையும் மூடினால்தான் அழியும். இன்கொக்னிட்டோ உங்களை யாருக்கும் தெரியாமல் மறைத்துவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நீங்கள் போகிற வெப்சைட்டுக்கும் இன்டர்நெட் தருகிற கம்பனிக்கும் அது மறைக்காது. இதை வைத்துக் கூகுள் மேல் அமெரிக்காவில் வழக்கே நடந்தது, 2024இல் சமரசத்தில், சேர்த்து வைத்த தரவுகளை அழிக்கக் கூகுள் ஒத்துக்கொண்டது.

பாஸ்வேர்டை அடித்ததும் மேலே ஒரு சின்னப் பெட்டி 'சேவ் பாஸ்வேர்ட்?' என்று கேட்கும். 'நெவர்' என்பதை அழுத்துங்கள். அவசரத்தில் 'சேவ்' அழுத்துகிறவர்கள் அதிகம். அப்படிச் சேமித்ததை அடுத்து வந்து உட்காருகிறவர் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்க்க வழி இருக்கிறது.

வேலை முடிந்ததும் உங்கள் படத்தை அழுத்தி 'சைன் அவுட்' கொடுங்கள். ஜன்னலை மூடுவதும் சைன் அவுட் கொடுப்பதும் ஒன்றில்லை. பல கடைகளில் குரோமை 'விட்ட இடத்திலிருந்து தொடங்கு' என்ற மாதிரி வைத்திருப்பார்கள், அந்த மாதிரியில், மூடியதும் அழிய வேண்டிய குக்கீ கூட அழியாமல் இருந்து, மறுபடி திறந்ததும் உங்கள் இன்பொக்ஸ் அப்படியே வந்து நிற்கும். சைன் அவுட் கொடுத்த பிறகும் லொகின் பக்கத்தில் உங்கள் மெயில் முகவரி தெரிந்தால் 'ரிமூவ் என் அக்கவுன்ட்' என்று கீழே இருப்பதை அழுத்தி அதையும் எடுத்துவிடுங்கள். கரண்ட் போய்க் கம்பியூட்டர் அணைந்துவிட்டால், மழைக்காலத்தில் இது நம் பக்கம் சர்வசாதாரணம், கரண்ட் வரும்வரை நிற்க நேரமில்லை என்றால் வீட்டுக்குப் போய் உங்கள் போனிலிருந்தே அதை வெளியேற்றலாம். எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்று. பிரின்ட் எடுக்க அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் கடையின் வட்ஸ்அப்புக்கு அனுப்புகிறோம். கடைக்காரர் அதைக் கம்பியூட்டரில் இறக்கித்தான் பிரின்ட் போடுவார், அது 'டவுன்லோட்ஸ்' போல்டரில் கிடக்கும். ஒரு கடையில் அந்தப் போல்டரைத் திறந்தால் ஊரில் பாதிப் பேரின் அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் வரிசையாகத் தெரியும். உங்கள் போனில் 'எல்லோருக்கும் அழி' கொடுத்தால் வட்ஸ்அப் செய்திதான் போகும், கம்பியூட்டரில் இறங்கியது அப்படியே இருக்கும். அதனால் பிரின்ட் கையில் வந்ததும் "தம்பி, அத டிலீட் பண்ணிருங்க, ரீசைக்கிள் பின்லயும் எடுத்துருங்க" என்று கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, நல்ல கடைக்காரர்கள் கேட்காமலே செய்கிறார்கள்.

கணக்கு யார் பெயரில், யார் நம்பரில்

இந்த விஷயம்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. "தம்பி, இந்தப் புள்ளைக்கு ஒரு ஜிமெயில் தெறந்து குடுங்க" என்று ஒரு அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வருவார். கடைத் தம்பி நல்ல மனதோடுதான் திறந்து கொடுப்பார். சிக்னல் இல்லாமல் அக்காவின் போனுக்கு, கணக்கை உறுதிசெய்ய கூகுள் அனுப்புகிற கோட் வராது, சரி பரவாயில்லை என்று தன் நம்பரைப் போடுவார். பாஸ்வேர்டாகப் பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும். துண்டுக் கடதாசியில் எழுதித் தருவார். பிள்ளை அந்த ஜிமெயிலை வைத்தே பேஸ்புக் திறப்பாள், வேலைக்கு விண்ணப்பிப்பாள், பேங்க் அப்ளிகேஷனிலும் அதே மெயிலைக் கொடுப்பாள். ரெண்டு வருடம் கழித்துப் பாஸ்வேர்ட் மறந்துபோகும், மீட்கும் கோட் போவது கடைத் தம்பியின் நம்பருக்கு, அவரோ கொழும்புக்கு வேலைக்குப் போய் நம்பரையும் மாற்றியிருப்பார். அல்லது அந்த நம்பர் வேறு யாருக்கோ போயிருக்கும். நல்ல மனதோடு செய்த வேலையில் இப்படி ஒரு முழு வாழ்க்கையின் சாவி கைமாறிவிடுகிறது.

உங்கள் கணக்கு இப்படித் திறந்ததா என்று பார்த்துக் கையில் எடுத்துக்கொள்ள, கீழே சொல்கிற வரிசையிலேயே செய்யுங்கள், வரிசை மாறினால் வேலை வீணாகும். முதலில் உங்கள் போனில் ஜிமெயிலைத் திறந்து படத்தை அழுத்தி 'மனேஜ் யுவர் கூகுள் அக்கவுன்ட்' போங்கள், 'செக்யூரிட்டி' என்ற பகுதியைத் திறங்கள். அங்கே 'ரிகவரி போன்', 'ரிகவரி ஈமெயில்' என்று இரண்டு இருக்கும். அதில் இருக்கிற நம்பரின் கடைசி இலக்கங்கள் உங்களுடையதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்றுங்கள். மாற்றின பிறகும் 7 நாளுக்குக் கூகுள் பழைய நம்பருக்குக் கோட் அனுப்பும் வழியைத் திறந்து வைத்திருக்கலாம், அந்த ஒரு வாரம் கொஞ்சம் கவனமாக இருங்கள். அப்புறம் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பாஸ்வேர்டை முதலில் மாற்றிவிட்டு நம்பரை அப்படியே விட்டால், அந்த நம்பர் வைத்திருப்பவர் 'மறந்துவிட்டேன்' கொடுத்து மறுபடி உள்ளே வரலாம்.

மூன்றாவதாக அதே பக்கத்தில் 'யுவர் டிவைசஸ்' என்று ஒன்று இருக்கும். உங்கள் கணக்கு திறந்திருக்கிற கருவிகள் வரிசையாகத் தெரியும். உங்கள் போனின் பெயர் மேலே இருக்கும், கீழே 'விண்டோஸ், ஸ்ரீலங்கா' என்று ஒன்றும் கடைசியாகப் பாவித்த திகதியும் இருந்தால், அது ஏதாவது ஒரு கடைக் கம்பியூட்டர். அதை அழுத்தி 'சைன் அவுட்' கொடுங்கள். அத்தோடு அந்தக் கம்பியூட்டரில் இருக்கிற உங்கள் லொகின் குக்கீ செல்லாக் குக்கீ ஆகிவிடும். பாஸ்வேர்ட் மாற்றினாலே பெரும்பாலான இடங்களில் கூகுள் தானாக வெளியேற்றிவிடும், இருந்தாலும் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. பேஸ்புக்கிலும் இதே வேலைக்கு 'அக்கவுன்ட்ஸ் சென்டர்', அதற்குள் 'பாஸ்வேர்ட் அன்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'வெயார் யூ ஆர் லொக்ட் இன்'. புதிய வேர்ஷனில் பெயர்கள் கொஞ்சம் மாறியிருக்கலாம், செட்டிங்ஸில் மேலே தேடும் இடத்தில் 'டிவைஸ்' என்று அடித்தால் வந்துவிடும்.

கடைசியாக, இரட்டைப் பூட்டு. 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டால் பாஸ்வேர்ட் தெரிந்தவரும் கோட் இல்லாமல் உள்ளே வர முடியாது. ஆனால் கோட் எஸ்எம்எஸ்ஸாக வருகிற மாதிரி வைத்தால் லயத்துக்குள் சிக்னல் இல்லாத நேரம் நீங்களே வெளியே நிற்க வேண்டி வரும். மேட்டுக்கு ஏறிப் போய் ரோட்டோரம் நின்று கோட் வாங்குகிற தோட்டங்கள் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குக் 'கூகுள் ஆதென்டிகேட்டர்' என்ற அப்ளிகேஷனைப் போடுங்கள். அதைப் போடும்போது மட்டும் டேட்டா வேண்டும், பிறகு சிக்னல் இல்லாமலே 6 இலக்கக் கோட் தரும். அத்தோடு 'பேக்அப் கோட்ஸ்' என்று 10 கோட்கள் கிடைக்கும், அவற்றைக் கையால் எழுதி வீட்டில் பிறப்புச் சான்றிதழ் வைக்கிற பெட்டிக்குள் வையுங்கள். போன் தொலைந்தால் அந்தக் கடதாசிதான் உங்களைக் காப்பாற்றும். போனிலேயே படமாக வைத்தால் போனோடு அதுவும் போய்விடும்.

இரட்டைப் பூட்டு போட்டாலும் ஒரு வழி திறந்துதான் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கிரிக்கெட் மெட்ச் இலவசமாகப் பார்க்கலாம், விலை கொடுத்து வாங்க வேண்டிய சொஃப்ட்வெயார் சும்மா கிடைக்கும் என்று வட்ஸ்அப்பில் வருகிற ஃபைல்களை நிறுவினால், அவற்றுக்குள் இருக்கிற களவு மென்பொருள் கம்பியூட்டர் பிரவுசரில் இருக்கிற லொகின் குக்கீகளையே அள்ளிக்கொண்டு போய்விடும். குக்கீ போனால் பாஸ்வேர்டும் வேண்டாம், கோட்டும் வேண்டாம். போனில் பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து எதையும் போட வேண்டாம்.

வட்ஸ்அப்

நம் பக்கம் குடும்பமே வட்ஸ்அப்பில்தான் இருக்கிறது. அம்மா டுபாயில், அண்ணன் கொழும்பில், தங்கச்சி ஹொஸ்டலில். அதனால் அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மூன்று புள்ளி, 'லிங்க்ட் டிவைசஸ்'. அங்கே எதுவும் இல்லையென்றால் நல்லது. நீங்கள் சேர்க்காத கம்பியூட்டர் ஒன்று இருந்தால், யாரோ உங்கள் போனை ஒரு நிமிடம் கையில் வாங்கிக் கியூஆர் கோடைக் காட்டி இணைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், உங்கள் மெசேஜெல்லாம் அங்கேயும் போய்க்கொண்டிருக்கும். நான்கு கருவிகள்வரை இணைக்கலாம், உங்கள் போனை அணைத்து வைத்தாலும் அவை வேலை செய்யும். அதை அழுத்தி 'லொக்அவுட்' கொடுங்கள். கடையில் பிரின்ட் எடுக்க வட்ஸ்அப் வெப் திறந்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது. காதலன், கணவன், சொந்தக்காரர் என்று வீட்டு ஆட்களே இதைச் செய்வதும் உண்டு, அப்படியானால் பெண்கள் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்குப் பேசலாம், 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 1929.

அடுத்து செட்டிங்ஸ், அக்கவுன்ட், 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்'. 6 இலக்க 'பின்' நம்பர் (உங்களுக்கு மட்டும் தெரிந்த இரகசிய எண்) ஒன்றைப் போடுங்கள். தெரிந்த நம்பரிலிருந்து "அவசரத்துல உங்க நம்பருக்கு ஒரு கோட் வந்துருச்சு, அத அனுப்புங்க" என்று மெசேஜ் வந்தால் அனுப்பவே கூடாது, அந்தத் தெரிந்தவரின் வட்ஸ்அப்பும் ஏற்கெனவே களவு போயிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். கூப்பிட்டுக் குரலில் கேளுங்கள். பேங்கில் இருந்து பேசுகிறோம் என்று சொல்லி ஓடிபி, அதாவது ஒரு தடவை மட்டும் செல்லுகிற கோட், கேட்டாலும் இதே பதில்தான், எந்த பேங்கும் ஓடிபியைப் போனில் கேட்பதில்லை.

பாஸ்வேர்டும் அடையாள அட்டை இலக்கமும்

பிறந்த திகதியைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள் என்றால், யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்கிறார்கள். நம் நாட்டில் அடையாள அட்டை இலக்கம் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். 12 இலக்கப் புதிய அட்டையில் முதல் 4 இலக்கம் பிறந்த வருடம், அடுத்த 3 இலக்கம் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 1998 என்ற முதல் 4 இலக்கத்தை அடுத்து 545 என்று வந்தால் அவர் பெண், 45ஆவது நாள், அதாவது பெப்ரவரி 14 பிறந்தவர். 9 இலக்கமும் கடைசியில் வீ எழுத்தும் கொண்ட பழைய அட்டையிலும் இதே கணக்குத்தான், வருடத்துக்கு மட்டும் 2 இலக்கம். எத்தனை படிவத்தில், எத்தனை பேரின் போனில் அந்த இலக்கம் கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள், மண்வெட்டி, நீலம், பணியாரம், ஞாயிறு என்ற மாதிரி. இதையே எடுத்துப் போட வேண்டாம், உங்களுக்குத் தோன்றுகிற சொற்களை எடுங்கள். நீளம்தான் பலம். ஜிமெயிலுக்கு ஒன்று, பேஸ்புக்குக்கு வேறு ஒன்று, பேங்குக்கு வேறு ஒன்று. ஏதோ ஒரு சின்ன வெப்சைட்டில் இருந்து பாஸ்வேர்டுகள் வெளியே போனால், அதே மெயிலையும் பாஸ்வேர்டையும் மற்ற எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்பதுதான் களவு செய்கிறவர்கள் முதலில் செய்கிற வேலை. ஞாபகம் நிற்காது என்றால் கொப்பியில் எழுதி வீட்டில் வையுங்கள், அது தப்பில்லை. போன் கவருக்குள் துண்டு வைக்க வேண்டாம்.

லொகின் பக்கம் உண்மையானதா என்பதைப் பூட்டுப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அனுப்புகிற வழி பூட்டியிருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும், போலிப் பக்கத்துக்கும் அது கிடைக்கும். குரோம் 2023இல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறி போட்டதற்கும் இந்தக் குழப்பம்தான் காரணம். முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஓஎல், ஏஎல் பெறுபேறு வருகிற நாளில் 'இங்கே சீக்கிரம் பார்க்கலாம்' என்று வருகிற லிங்க்குகளைத் தொட வேண்டாம். பெறுபேறு பார்க்கச் சுட்டெண்ணோ அடையாள அட்டை இலக்கமோ போதும், பேஸ்புக் பாஸ்வேர்ட் கேட்கிற இடம் போலி.

சரி, இனி அந்தக் குக்கீப் பெட்டி

அந்தப் பெட்டி ஐரோப்பியச் சட்டங்களால் வந்தது. குக்கீ வைப்பதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்று அங்கே ஏற்கெனவே விதி இருந்தது, 2018 மே மாதம் ஜிடிபிஆர் என்ற தரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு அது இன்னும் இறுகியது, அதன் பின் உலகம் முழுக்க வெப்சைட்டுகள் இந்தப் பெட்டியைப் போட்டுக்கொண்டன. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஆனால் அது படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது, அதனால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காமல் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெட்டியில் 'ரிஜெக்ட் ஓல்' இருந்தால் அதை அழுத்துங்கள். வெப்சைட் வேலை செய்யத் தேவையான குக்கீகள் எப்படியும் இருக்கும், விளம்பரக்காரர்களின் குக்கீகள்தான் தடைப்படும். அந்த விளம்பரக் குக்கீயை மூன்றாம் தரப்புக் குக்கீ என்கிறார்கள். நீங்கள் படிக்கிற செய்தித் தளத்தில் ஒரு விளம்பரக் கம்பனியின் துண்டு இருக்கும், சமையல் தளத்திலும் அதே கம்பனியின் துண்டு இருக்கும், இரண்டிலும் அதே குக்கீயைப் பார்த்து இரண்டு பேரும் ஒரே ஆள் என்று அது குறித்துக்கொள்ளும். கட்டார் வேலை என்று இரண்டு மூன்று இடத்தில் தேடினால் பிறகு போகிற இடமெல்லாம் ஏஜென்சி விளம்பரம் வருவது இதனால்தான். விளம்பரத்தால் உடனே ஒன்றும் ஆகாது என்றாலும், கடனில் இருக்கிற வீடு, எப்படியாவது வெளிநாடு போய்விட வேண்டும் என்று தவிக்கிற பிள்ளை, இவர்களைத் தேடிப் பிடித்து விளம்பரம் காட்ட முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. அப்படி வருகிற ஏஜென்சிக்குக் காசோ பாஸ்போர்ட் படமோ கொடுப்பதற்கு முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு எடுத்து லைசன்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்றாம் தரப்புக் குக்கீயை ஒரேயடியாக நிறுத்த, குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், 'பிரைவசி அன்ட் செக்யூரிட்டி', 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்', அதில் 'புளொக்'. சஃபாரி 2020இலிருந்தே இதைத் தானாகத் தடுக்கிறது, ஃபயர்பொக்ஸும் ஒவ்வொரு வெப்சைட்டின் குக்கீயைத் தனித்தனியாக அடைத்து வைக்கிறது. கூகுளும் நிறுத்துவதாக 2020இல் சொன்னது, 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது, ஆகவே குரோமில் நீங்களே போய் நிறுத்த வேண்டும். நாம் பிரவுசரைவிட அப்ளிகேஷன்களில்தான் அதிக நேரம் இருக்கிறோம், அங்கே குக்கீயின் இடத்தில் விளம்பர அடையாள எண் ஒன்று இருக்கிறது. அன்ட்ரொய்ட் போனில் செட்டிங்ஸ், கூகுள், 'அட்ஸ்', அங்கே 'டிலீட் அட்வர்டைசிங் ஐடி' கொடுத்தால் அது போய்விடும். கொஞ்சம் பழைய போனில் 'ரீசெட்' மட்டும்தான் இருக்கும், அதைச் செய்யுங்கள்.

குக்கீகளை எல்லாம் துடைத்துவிடலாமா என்றால், துடைக்கலாம், ஹிஸ்டரிக்குள் 'டிலீட் பிரவுசிங் டேட்டா' இருக்கிறது. ஆனால் அதைச் செய்தால் பிரவுசரில் திறந்திருக்கிற கணக்குகள் மூடிக்கொள்ளும். பாஸ்வேர்ட் தெரியாமல் துடைத்துவிட்டுக் கணக்கை இழந்தவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஒவ்வொரு கணக்கின் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் துடையுங்கள்.

சிம்மை மாற்றுகிறபோது, போனை விற்கிறபோது

டேட்டா மலிவு என்று சிம்மை மாற்றுகிறோம், பழையதை லாச்சியில் போடுகிறோம். பிரீபெய்ட் நம்பரை நீண்ட காலம் பாவிக்காமல் விட்டால் அது ரத்தாகி வேறு ஒருவருக்குக் கொடுக்கப்படும். அந்த நம்பரோடு இணைந்த கணக்குகளின் கோட் எல்லாம் அவருக்குப் போகும். பழைய சிம் வேலை செய்யும்போதே வட்ஸ்அப்பில் 'சேஞ்ச் நம்பர்' செய்து, ஜிமெயில், பேஸ்புக், பேங்க், ஈசி கேஷ் எல்லாவற்றிலும் புதிய நம்பரைக் கொடுங்கள். போனை விற்பதற்கு முன் கூகுள் கணக்கை அகற்றிவிட்டு 'ஃபெக்டரி ரீசெட்' செய்யுங்கள். அகற்றாமல் ரீசெட் செய்தால் வாங்கினவர் திறக்க முடியாமல் உங்களைத் தேடி வரலாம். ரிப்பேர் கடைக்காரர் ஸ்கிரீன் லொக் நம்பர் கேட்டால், கண்ணாடி மாற்றுகிற வேலைக்கு அது தேவையில்லை, மாற்றின பிறகு நீங்களே திறந்து காட்டினால் போதும்.

ஏற்கெனவே கை மீறிவிட்டது என்றால்

வட்ஸ்அப் போயிருந்தால் அதை உங்கள் போனில் மறுபடி நிறுவி உங்கள் நம்பரைப் போடுங்கள், எஸ்எம்எஸ்ஸில் வருகிற கோடை அடித்ததும் மற்றவர் வெளியேற்றப்படுவார். அவர் ஏற்கெனவே 'பின்' நம்பர் போட்டிருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டி வரும், ஆனால் அந்த நாட்களில் அவராலும் உள்ளே இருக்க முடியாது. உங்கள் பெயரில் காசு கேட்டு மெசேஜ் போகலாம், ஆகவே சொந்தக்காரர்களுக்கு உடனே கோல் எடுத்துச் சொல்லுங்கள். ஜிமெயில், பேஸ்புக் என்றால் 'மறந்துவிட்டேன்' வழியாக மீட்கப் பாருங்கள், நீங்கள் வழக்கமாகப் பாவித்த அதே போனில், அதே இடத்தில் இருந்து முயன்றால் வாய்ப்பு அதிகம். பேங்க் கணக்கு சம்பந்தப்பட்டால் வேறு எதையும் பார்க்காமல் முதலில் பேங்கின் அவசர இலக்கத்துக்கு எடுத்து நிறுத்தச் சொல்லுங்கள், அந்த இலக்கம் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும், கூகுளில் தேடி எடுக்காதீர்கள், போலி இலக்கங்களும் அங்கே கிடக்கின்றன.

எதையும் அழிக்க முன் ஸ்கிரீன்ஷொட் எடுத்துத் திகதி, நேரம், நம்பர் எல்லாம் தெரிகிற மாதிரி வேறு ஒருவரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். அப்புறம் கணினிப் பாதுகாப்புப் பிரச்சினைகளைப் பார்க்கிற அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101க்கு எடுத்துக் கேட்கலாம், காசு போயிருந்தாலோ படங்களை வைத்து மிரட்டினாலோ பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். கணினிக் குற்றங்களுக்கென்று 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. பொலிஸில் தமிழில் எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், பேங்கும் அதைக் கேட்கும்.